பதினான்காம் எண் கூடு

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். விசிட்டிங் கார்டில் சூழலியலாளர் என்று இருக்கும். மேடையில் ஏற்றினால் இயற்கைப் பாதுகாப்பில் முன்னோடி என்று இன்னும் நாலு வார்த்தை சேர்ப்பார்கள். உள்ளபடி நான் செய்வது ஒன்றுதான். யாராவது ஓர் எண்ணிக்கையைச் சொன்னால், யார் பார்த்தது, எங்கே நின்று பார்த்தது, எப்படித் தெரியும் என்று கேட்டுக் கேட்டு அவர் வாயைப் பிடுங்குவேன். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

இது அப்பாவிடமிருந்து வந்த குணம். அரசாங்க வேலைக்காக மதுரைப் பக்கத்திலிருந்து இந்தத் தீவுகளுக்கு வந்து, போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் வீடு கட்டிக்கொண்டவர் அவர். ஸ்டோர் கீப்பர். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்திறங்கும் சிமென்ட் மூட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே எதில் ஈரம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளையும் ஏறக்குறைய அப்படித்தான் தட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் அதிகம் வந்ததில்லை.

என் முதல் வேலை சௌல்தாரி கிராமத்தில். காய்கறித் தோட்டங்களைத் தின்று தீர்க்கும் பெரிய நத்தைகளை எண்ண வேண்டும். கையில் டேப்பும் நோட்டும் வைத்துக்கொண்டு வரப்பில் நின்ற என்னை நிலம் அளக்க வந்தவள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. ஓர் அம்மாள் தன் தோட்டத்து நத்தைகளையெல்லாம் பொறுக்கி வாளியில் போட்டு மூடி வைத்துக்கொண்டு, "எங்க கிட்ட ஒண்ணுகூட இல்லம்மா" என்று சத்தியம் செய்தார். வாளிக்குள் அவை கரகரவென்று ஊர்வது எனக்குக் கேட்டது. அன்றைக்கு முடிவு செய்தேன், ஜனங்கள் சொல்வதை எழுதக்கூடாது, வாளியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று. இருபது வருடம் அந்த முடிவு எனக்குச் சோறு போட்டது. கராச்சர்மாவில் ஒரு டயர் கடைக்கு மேலே எங்கள் சின்ன அமைப்பின் அலுவலகம் வந்தது, கமிட்டிகளில் நாற்காலி வந்தது, தலையில் கொஞ்சம் கனமும் வந்தது.

ஆமைகள் பக்கம் வந்தது அதற்கப்புறம். ஹட் பே, கப்பலில் போக வேண்டிய இன்னொரு தீவு. அங்கே ஜெட்டியிலிருந்து தெற்கே போய் ஓர் ஓடையைத் தாண்டினால் நீளமான மணற்கரை. மழை ஓய்ந்த மாதங்களில் அங்கே ஏழுவரி ஆமைகள் ஏறும். அவற்றுக்குக் கெட்டி ஓடு கிடையாது. தோலும் அதில் ஓடும் ஏழு வரிகளும்தான். ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அளவு இருக்கும். இரவில் ஏறி, ஆழமாகக் குழி தோண்டி முட்டையிட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டுத் திரும்பிவிடும். காலையில் பார்த்தால் டிராக்டர் ஏறி இறங்கிய மாதிரித் தடம் கிடக்கும். தடத்தை வைத்துக் கூட்டைக் கண்டுபிடிப்பதும், இரண்டு மாதம் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும் வரை அதைக் காப்பதும்தான் எங்கள் வேலை.

அந்தக் கரையில் எங்களுக்காக நடந்தவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பதைத் தாண்டியவர். இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுக் கப்பலில் வந்திறங்கிய குடும்பம். ஹட் பே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். தோட்டம் நின்றுபோனதும் பாக்குத் தோப்புகளில் கூலிக்குப் போனார். எங்களிடம் வந்த பிறகும் தினமும் விடிந்ததும், கரையோரம் நான் தங்கியிருந்த முகாம் வாசலில் வந்து விறைப்பாக நிற்பார். "ஏன்ணே நிக்கிறீங்க? நேரா கரைக்குப் போக வேண்டியதுதானே?" என்று கேட்டதற்கு, "பெரட்டு மேடம்" என்றார். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். எண்ணுவதற்கு இருந்தது அவர் ஒருவர்தான். ஆனாலும் நான் வெளியே வந்து தலையாட்டினால்தான் நகருவார்.

தோட்டத்துக் கதைகள் நிறையச் சொல்வார். மேனேஜரை அவர்கள் துரை என்றுதான் சொல்வார்கள். "துரை மட்டைய ஒட்ட வெட்டச் சொல்லுவாரு மேடம். அப்டி வெட்டுனா மரம் காய்க்காது. அவருகிட்ட எதுத்துப் பேச முடியுமா? ரோட்டோரத்து வரிசைய அவரு சொன்னபடி வெட்டிருவோம். உள் வரிசைல மரத்துக்கு என்ன வேணுமோ அப்டி விட்ருவோம். துரை ஜீப்ப விட்டு எறங்க மாட்டாரு. மலைல எங்கம்மாவும் இப்டித்தான் கொழுந்து எடுத்துச்சு." விழுந்து விழுந்து சிரித்தேன். நோட்டில் எழுதிக்கொண்டேன். போர்ட் பிளேரில் இரண்டு கூட்டங்களில் இதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன்.

கூட்டைக் குறிப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். எண் எழுதிய மூங்கில் முளையைக் கூட்டின் மேல் நடுவதில்லை. கரை மேட்டில் செடிகளுக்குள் மறைத்து அடித்துவிட்டு, அங்கிருந்து கூடு எத்தனை அடி என்று ரிஜிஸ்டரில் எழுதுவோம். வெறும் கண்ணால் பார்த்தால் மணல்தான் தெரியும். போட்டோ எடுக்கும்போது மட்டும் அண்ணன் முளையைப் பிடுங்கிக் கூட்டின் மேல் ஒரு நிமிடம் நட்டு, எண் தெரிய எடுத்துவிட்டு, திரும்ப மறைத்துவிடுவார்.

போட்டோ எதற்கு என்றால், என் வாட்ஸாப் குரூப்புக்கு. கடலுக்கடியில் கேபிள் வந்து ஹட் பேயில் நெட் ஓட ஆரம்பித்ததும் நான் முதலில் செய்த காரியம் அது. வாத்தியார்கள், பள்ளிப் பிள்ளைகள், படகுக்காரர்கள், கடைக்காரர்கள், வனத்துறை ஆட்கள், பஞ்சாயத்துக்காரர்கள், வங்காளி, தெலுங்கு, மலையாளி, தமிழ் என்று எல்லோரையும் சேர்த்தேன். தினமும் காலையில் புதுக் கூட்டின் படத்தைப் போடுவேன். கட்டைவிரல்களும் இதயங்களுமாகக் குவியும். இடத்தை மட்டும் ஒருபோதும் எழுதமாட்டேன். அந்த ஜாக்கிரதையில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

போன பருவத்தில் திருட்டு ஆரம்பித்தது. முதலில் ஒரு கூடு, நாலு நாளில் இன்னொன்று, அதற்கடுத்து ஒன்று. நாய் தோண்டினால் மணல் நாலாபக்கமும் சிதறி, முட்டைத்தோல் கிழிந்து கிடக்கும். இது அப்படியில்லை. ஒரே பக்கமாக மணலை எடுத்து, முட்டையை அள்ளிக்கொண்டு, மரியாதையாக மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மனிதக் கை. கரையில் தேடாமல் நேராகக் கூட்டுக்கே வந்த கை. எங்கே என்று தெரிந்தவர்கள் யார்? அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ரிஜிஸ்டருக்குத் தெரியும். ரிஜிஸ்டர் என் பெட்டியில் பூட்டியிருந்தது. எனக்கு மூக்கு வியர்க்க ஆரம்பித்தது.

அந்த வாரத்தில்தான் அண்ணன் வந்து, "மேடம், போட்டோ போட வேணாமே" என்றார்.

"ஏன்ணே?"

"இல்ல, மத்லப்... அதாவது, எல்லாரும் பாக்குறாங்கல்ல."

"பாக்கணும்னுதானே போடறேன்? பாத்தாத்தான் நம்ம ஆமைன்னு தோணும். தோணினாத்தான் காப்பாத்துவாங்க."

"டீக் ஹை மேடம்" என்று போய்விட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். நானும் அதே பதிலைக் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அன்று ராத்திரி படுக்கையில் புரண்டுகொண்டிருந்தபோது எனக்குள் இருந்த ஸ்டோர் கீப்பர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். படம் வேண்டாம் என்று ஒருவர் ஏன் சொல்ல வேண்டும்? படம் இருந்தால் கூட்டுக்கு ஆதாரம் இருக்கும். ஆதாரம் இருந்தால் காணாமல் போனது தெரியும்.

அதற்குப் பிறகு அவர் எதைச் செய்தாலும் எனக்குத் தப்பாகத்தான் பட்டது. போட்டோக்கள் கிட்டத்தில் எடுத்தவையாக வந்தன, மணலும் முளையும் மட்டும். பின்னணி வேண்டும் என்று கடிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து பின்னணியோடு வந்தன. ரிஜிஸ்டரில் கூடுகள் குறைந்துகொண்டே வந்தன. கரைக்கு நான் கேட்காத நேரத்தில் போகிறார் என்று தெரிந்தது. முகாமுக்குப் பக்கத்தில் இருந்த வனக்காவலர் ஒரு வங்காளி, வயசானவர். அவரிடம் மெல்லப் பேச்சுக்கொடுத்தேன். "நஹி நஹி மேடம், ஓ ஆத்மி ஐசா நஹி ஹை" என்று தலையை ஆட்டினார். அந்த ஆள் அப்படிப்பட்டவர் இல்லையாம். இவருக்கும் பங்கு போகிறதோ என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

பதினான்காம் எண் கூட்டின் படத்தில் கடல் பக்கம் சாய்ந்த ஒரு பாதாம் மரம் இருந்தது. படம் வந்து மூன்று நாள் கழித்து, அண்ணன் பாக்குத் தோப்புக்குப் போயிருந்த ஒரு பகலில், ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். முளை செடிக்குள் இருந்தது. அடி அளந்து, முழங்காலிட்டு, கையால் தோண்டினேன். மணல் இறுகியிருக்கவில்லை. ஏற்கெனவே கிளறப்பட்டுப் பொலபொலவென்று இருந்தது. தோள் வரை கை இறங்கியும் ஒரு முட்டைகூடத் தட்டுப்படவில்லை. வெயிலில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது. கூடவே, சொன்னால் அசிங்கம், ஒரு திருப்தியும் வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்ற திருப்தி.

மறுநாள் காலை அவர் பெரட்டுக்கு வந்து நின்றார். நான் தலையாட்டவில்லை.

"பதினாலுல முட்டை எங்கண்ணே?"

அவர் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தோண்டிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. கூடே இல்லையா, இல்ல கூட்ட எடுத்து வித்தாச்சா?"

"எழுதுனது தப்புதான் மேடம்" என்றார். முகாம் சாவியையும், படமெடுக்கக் கொடுத்திருந்த போனையும் வாங்கிக்கொண்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்கு யாரு மேடம் நடக்குறது?" என்று மட்டும் கேட்டார். நான் நடப்பேன் என்றேன்.

அன்றே குரூப்பில் எழுதினேன், இவர் இனி எங்கள் அமைப்பில் இல்லை, கூடுகள் தொடர்பாக இவரிடம் யாரும் பேச வேண்டாம் என்று. திருடன் என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. ஹட் பே மாதிரியான இடத்தில் அந்த ஒரு வரி போதும். கப்பல் ஜெட்டிப் பக்கம் டீக்கடையில் அவரைப் பார்த்து, "க்யா பாய், அண்டா ஹை?" என்று, முட்டை இருக்கிறதா என்று கேட்டுச் சிரித்தார்களாம். பாக்குத் தோப்பிலும் வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

நான் நடந்தேன். எனக்குத் தடங்கள் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. சில இடங்களில் மணல் பெருக்கிவிட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. காற்று என்று நினைத்தேன். மூன்று வாரத்தில் புதிதாக மூன்றே கூடுதான் கண்டுபிடித்தேன். மூன்றையும் படமெடுத்துப் போட்டேன். மூன்றும் போயின. மரியாதையாக மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.

வேலையை விட்டு அனுப்பியும் திருடுகிறாரா? வஞ்சம் வைத்துச் செய்கிறாரா? இதைக் கேட்டே தீருவது என்று ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். கேட்க என்பது வெளிப் பேச்சு. உள்ளுக்குள், முட்டைத்தோல் ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பார்க்கத்தான் போனேன்.

அவர் இல்லை. அவருடைய மனைவி முற்றத்தில் பாக்கு காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"வீட்டப் பாக்கணுமா? பாத்துக்கங்க."

"இல்லக்கா, அண்ணன்கிட்ட பேசலாம்னு..."

"அவருதான் ரெண்டு தடவ பேசுனாரே. போட்டோ போட வேணாம்னு." உள்ளே போய்த் தன் மகளுடைய போனை எடுத்துவந்தார். பள்ளியிலிருந்து சேர்ந்த நூறு பேரில் அந்தப் பெண்ணும் ஒருத்தி. என் குரூப்பைத் திறந்து கொடுத்தார். "நீங்களே காட்டுங்க. எதையாவது காட்டுங்க."

ஒரு படத்தைக் காட்டினேன். முளை, மணல், பின்னால் பச்சை.

"இது ஓடைக்கு அந்தப் பக்கம் ரெட்டைத் தாழை. எங்க ஆடு ஒருக்கா அங்கதான் குட்டி போட்டுச்சு."

அடுத்தது. "இது இடி விழுந்த மரம். பக்கத்துல நல்ல தண்ணி ஊத்து இருக்கு."

அடுத்தது. "இது படகு ஒடஞ்சு கெடக்குற எடம். படத்துல படகு இல்ல, ஆனா அந்தப் பாறை அங்கதான் இருக்கு."

அவர் ஒரு நாளும் எங்களோடு கணக்கெடுக்க வந்தவர் இல்லை. முற்றத்தில் நின்றபடியே, ஒன்றுகூடத் தவறாமல், நான் யாருக்கும் சொல்லவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்ட இடங்களையெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். ஜிபிஎஸ் எண் இல்லாவிட்டால் எனக்கு அந்தக் கரை முழுக்க ஒரே மரம், ஒரே மணல். அங்கே விறகு பொறுக்கியவர்களுக்கும் மீன் பிடித்தவர்களுக்கும் ஒவ்வொரு மரமும் ஒரு வீட்டு நம்பர். தினமும் காலையில் நான் விலாசத்தைப் போட்டு, முட்டை தயார் என்று ஊருக்கே அழைப்பு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசியில் பதினான்காம் எண் படம் வந்தது. அந்த அக்கா முதல்முறையாகச் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பில்லை.

"சாஞ்ச பாதாம். அங்க கூடே கெடையாது. நீங்க மரத்தோட படம் வேணும்னு ஏசுனீங்கல்ல, அதுக்கப்புறம் சும்மா கெடந்த மணல்ல முளைய நட்டு எடுத்தாரு. உங்களுக்குப் படம் கெடச்சுச்சு, ஆமைக்கு முட்டை தப்புச்சு. நீங்க போட்ட ரெண்டு நாள்ல மூணு பேரு வந்து தோண்டிப் பாத்துட்டு ஏமாந்து போனாங்க. தூரத்துல இருந்து இவரு பாத்துருக்காரு. நாலாவதா வந்தது நீங்க."

பொலபொலவென்று இருந்த மணல் என் விரல் இடுக்கில் திரும்ப ஏறியது போல் இருந்தது. ரோட்டோரத்து வரிசை துரைக்கு, உள் வரிசை மரத்துக்கு. கூட்டத்தில் நான் சொல்லிக் கைதட்டல் வாங்கிய கதை. அதில் ஜீப்பை விட்டு இறங்காத துரை நான்.

அண்ணன் வந்ததும் எழுந்து நின்றேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. மன்னிச்சிருங்கண்ணே என்றேன், பிறகு, ஏன் அன்னிக்கே முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லவில்லை என்று அவரையே குறை சொன்னேன். அந்த நிலையிலும் என் புத்தி போகவில்லை.

"சொன்னேனே மேடம். நீங்க கேக்கல. கேக்காதவங்ககிட்ட மூணாவது தடவ எப்டி சொல்றது?" என்றார். பிறகு, "நீங்க நடக்குறப்ப தடம் கெடச்சிருக்காது. உங்களுக்கு முந்தி போயி மட்டையால கூட்டி அழிச்சிருவேன். நடுவுல மூணு நாளு காய்ச்சல்ல படுத்துட்டேன். அந்த மூணும்தான் போச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த மூன்றுக்காக வருத்தப்பட்டுச் சொன்னார். வேலை போய், பேர் போய், கூலியும் இல்லாமல் அந்த மனிதர் தினமும் நடந்திருக்கிறார்.

உண்மையான கூடுகளின் இடமெல்லாம் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். அந்த நோட்டைக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன்.

"தர்றேன் மேடம். எல்லாம் பொரிஞ்சு கடலுக்குப் போன பெறகு."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலமே குரூப்பில் எழுதினேன். கூடுகள் திருடு போனதற்குக் காரணம் நான் போட்ட படங்கள், அண்ணன் ஒரு முட்டையைக்கூடத் தொட்டவர் இல்லை, ஊர் முன்னால் அவருக்கு நேர்ந்த அவமானம் என் தவறு என்று தமிழிலும் ஹிந்தியிலும் எழுதினேன். கட்டைவிரல்கள் குவிந்தன. இதயங்களும் வந்தன. நெடுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கட்டைவிரலாவது முட்டை அள்ளிய கையைச் சேர்ந்தது. எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஹட் பேயில் யாராவது என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தால் இப்போதும் அவருடைய நகக்கண்ணில் மணல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். குரூப்பை மறுநாள் மூடிவிட்டேன்.

அண்ணன் திரும்ப வந்தார். உடனே இல்லை, பத்து நாள் கெஞ்ச வைத்துவிட்டுத்தான். பெரட்டுக்கு இப்போது அவர் முகாமுக்கு வருவதில்லை. நான் அவர் வீட்டு வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். அக்கா வந்து கையை நீட்டுவார். போனைக் கொடுத்துவிடுவேன். அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டுத் தலையாட்டினால்தான் நாங்கள் நகருவோம்.

முதல் நாள் அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன். ஓடையைத் தாண்டி, கரையின் கடைசி முனைவரை போய்த் திரும்பினோம். அவர் எங்கேயும் நிற்கவில்லை, எதையும் காட்டவில்லை. நான் இருபது வருட அனுபவத்தையெல்லாம் கண்ணுக்குக் கொண்டுவந்து மணலைத் துழாவிக்கொண்டே வந்தேன். ஒன்றும் புலப்படவில்லை. வீடு நெருங்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"எத்தனை கூட்டைத் தாண்டி வந்தோம்ணே?"

"இருக்கு மேடம்" என்றார். "பொரிஞ்ச பெறகு சொல்றேன்."